வண்டிக்குப் பின்னால் நட்ட முருங்கை

கம்பு உங்கள் முழங்காலில் இடிக்கிறதா சார்? கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். மேலே வைத்தால் உருண்டு யார் தலையிலாவது விழும். முருங்கைக் கம்பு. நுனி காயாமல் இருக்கச் சாணி அப்பியிருக்கிறது, அதுதான் லேசாக வாடை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தருமபுரிக்குத்தானே? நானும் தருமபுரிதான். அங்கிருந்து சேலம், அப்புறம் தேனி. தேனியில் ஒரு பட்டறைக் கொட்டகையில் என் வண்டி நிற்கிறது. ஊர் எது என்று கேட்டால் சங்கரன்கோவில் பக்கம் என்று சொல்வேன். அது பிறந்த ஊர். இருக்கிற ஊர் என்று எதுவும் இல்லை. அப்படிச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நீங்கள் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

நான் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தேன், நாற்பது வயது வரைக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வீடு கட்டுவதற்கென்றே வாழ்ந்தார். லோன், மணல், கம்பி, இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வீடு முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டோம். அந்த வருடமே அதே வாசலில் அவரைக் கிடத்தினார்கள். அன்றைக்கு வந்து கோமதியிடம் சொன்னேன், நாம் போய்விடலாம் என்று. கோமதி என் மனைவி. எங்கே என்று கேட்டாள். எங்கேயாவது என்றேன். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சோறு தின்னுட்டுப் போவமா, திங்காமலா?" என்றாள்.

அவள் சம்மதம் சொன்ன விதம் அது.

எங்களுக்கு என்று ஒரு மனை இருந்தது. அவள் நகையைப் போட்டு வாங்கியது. அதை விற்றுப் பழைய குட்டியானை ஒன்று வாங்கினேன். காய்கறி ஏற்றுகிற வண்டி இருக்கிறதே, அதுதான். மேலே தகரக் கூரை, உள்ளே ஒரு பலகைப் படுக்கை, அதற்குக் கீழே அரிசி டின், பாத்திரம், துணி. வேலையை விட்டேன். குக்கர், மிக்சி, கேஸ் அடுப்பு ரிப்பேர் கற்றுக்கொண்டேன். ஊர் ஊராகப் போவோம். மைக்கில் கூப்பிடுவது கோமதிதான். என் குரலுக்கு ஒரு கதவும் திறக்காது. அவள் கூப்பிட்டால் நல்லாயிருக்கிற குக்கரைக்கூடக் கொண்டுவந்து காட்டுவார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்தால் வேலையை நிறுத்திவிடுவோம். டீசலுக்கும் அரிசிக்கும் ஆனால் போதும். அப்புறம் ஆறு, மலை, கடல். எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கே வண்டியை ஓரங்கட்டுவேன்.

குழந்தை இல்லை, அதனால்தான் இப்படி அலைகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். இருந்திருந்தாலும் போயிருப்போம். கோமதியிடம் இதைக் கேட்டதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

எப்பேர்ப்பட்ட வாழ்க்கை தெரியுமா சார். ஆசனூர் மலைப்பாதையில் யானை ஒன்று வண்டியைச் சுற்றி வந்து, பின்பக்கக் கதவில் தும்பிக்கையை வைத்து முகர்ந்துவிட்டுப் போயிருக்கிறது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. அது போன பிறகு கோமதி மெல்லச் சொன்னாள், "புளிக்குழம்பு புடிக்கலை போல." வைகை அணைப் பக்கம் மழை வரும்போது பின்கதவைத் திறந்துவைத்துக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சுடச்சுடப் பொங்கல் தின்றிருக்கிறோம். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அதெல்லாம் பொய்யா? சொல்லுங்கள். அதையெல்லாம் இல்லை என்று ஒருத்தன் சொல்ல முடியுமா?

சொன்னான். என் மைத்துனன். அதற்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டிக்குள் ஒன்று வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். புதுப் போர்வை வந்தால் பழையது போகும். ஒரு சொம்பு வந்தால் ஒரு டம்ளர் போகும். நான் வைத்த சட்டம்தான், ஆனால் அவளும் ஒத்துக்கொண்டது. அவள் அம்மாவுடைய அம்மிக் குழவி ஒன்று அவளிடம் இருந்தது. அம்மியைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டுக் குழவியை மட்டும் தூக்கி வந்திருந்தாள். போகிற இடத்தில் தட்டையாக ஒரு கல்லைத் தேடிப் பிடித்து, கழுவி, அதில் துவையல் அரைப்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பாதி அம்மியை வைத்துக்கொண்டு மீதியை ஊர் ஊராகத் தேடுகிறாளே என்று. பிறகு ஃபேனுக்கு ஒரு பேட்டரி வாங்கினேன். பேட்டரி வந்தது, குழவி போக வேண்டியதாயிற்று. கனம் அல்லவா. அவள் அன்றைக்கு எடுத்துக்கொண்டு எங்கேயோ போனாள், வெறுங்கையோடு வந்தாள். புதரில் போட்டிருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு எதிலும் பற்று கிடையாது.

பற்று கிடையாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த முருங்கை. ஒரு இடத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கினால் போதும், எங்கேயாவது ஒரு முருங்கைக் கம்பு கேட்டு வாங்கி வந்து நட்டுவிடுவாள். அதுவும் வண்டிக்குப் பின்னால்தான். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி நிற்கிற இடமாகப் பார்த்து. முருங்கையை வாசலில் வைக்கக் கூடாது, பின்பக்கம்தான் வைக்கணும் என்பாள். வண்டிக்கு ஏது வாசல், ஏது பின்பக்கம் என்று நான் கேலி செய்வேன். "நட்டுட்டுப் போறியே, பறிக்கப் போறது யாரு?" என்றால், "யாராவது பறிப்பாங்க" என்பாள். பாருங்கள், பலனை எதிர்பார்க்காமல் ஒரு காரியம். இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குச் சொந்த வீடா சார்? ஓ. பின்னால் இடம் இருக்கிறதா? நல்லது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டியில் ஏறி இறங்குவதற்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நானே பலகை அறுத்து ஒரு படி செய்து கொடுத்தேன். அழகான படி. மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். அவள் அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவாள். அந்தப் படி வந்ததற்காக ஒன்றையும் வெளியே போடச் சொல்லவில்லை நான். தேனியில் இருக்கும்போது நெஞ்சுவலி என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயம் ரொம்ப நாளாகவே தளர்ந்திருந்தது என்றார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எங்கே கொண்டுபோவது? ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், வீடு எங்கே என்று. வெளியே நின்ற வண்டியைக் காட்ட முடியுமா? அவள் தம்பி ஆவுடையப்பன் வந்து சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோனான். அவன் வீட்டு வாசலில்தான் கிடத்தினார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஏனோ நின்றேன். எல்லாம் முடிந்த பிறகு அவன் வந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"அத்தான், எங்கக்காவ ரோட்டுலயே வச்சு முடிச்சிட்டீங்க" என்றான்.

அவள் சந்தோசமாக இருந்தாள் என்றேன்.

"நீங்க சொல்றீங்க. வேற யாரு சொல்லுவா? அவ சந்தோசமா இருந்தான்னு சொல்ற ஒருத்தர, ஒரே ஒருத்தர எங்கிட்ட கூட்டிட்டு வாங்க. நான் உங்க கால்ல விழுறேன்."

அவன் காலில் விழ வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை சார். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மனுஷியோடு அத்தனை வருடம் பலகை அகலத்தில் படுத்திருக்கிறேன். அவள் சந்தோசமாக இருந்தாளா என்பதற்கு எனக்கு இன்னொரு ஆள் சாட்சி வேண்டியிருக்கிறது. அவன் கேட்டபோது கோபம் வந்தது. பிறகு கோபம் போய் வேறொன்று வந்தது. அது போகவில்லை. அதனால்தான் கிளம்பினேன், நாங்கள் அதிகம் தங்கின இடங்களுக்கெல்லாம். வண்டியை எடுக்கவில்லை. பக்கத்து சீட் காலியாக இருக்கும்போது ஓட்ட வரவில்லை. பஸ்ஸில்தான் போகிறேன்.

முதலில் உத்தமபாளையம் பக்கம். வாய்க்கால் கரையில் பாண்டியம்மாள் என்று ஒரு டீக்கடைக்காரி. எங்களுக்கு நல்ல பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோமதி எப்படி இருந்தாள் என்று கேட்டேன். நேராகவே கேட்டேன்.

"எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்கும்ல அந்தப் புள்ள" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ஒரே ஒருத்தர் கேட்டானே, முதல் ஊரிலேயே கிடைத்துவிட்டார். அந்த அம்மாள் தொடர்ந்து சொன்னாள். நான் வாய்க்காலில் குளிக்கப் போகும் நேரத்தில் கோமதி அவள் வீட்டுக்கு வருவாளாம். டீ கொடுத்தால் வேண்டாம் என்பாளாம். அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி அப்படியே இருப்பாளாம்.

"சுவத்துல சாஞ்சு எம்புட்டு நாளாச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

வண்டியின் தகரம் வெயிலில் சுடும் சார். அதில் சாய முடியாது. அதைத்தான் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். சிரித்தாள் என்பதுதான் இதில் முக்கியம், இல்லையா? அங்கே அவள் நட்ட முருங்கை நன்றாக நின்றது. கடைக்கு வருகிறவர்கள் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறார்கள்.

அப்புறம் கோடியக்கரைப் பக்கம். அங்கே ஒரு பெரிய புயலில் மாட்டிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துச் சுவர் மறைவில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஊர் ஜனத்தோடு இருந்தோம். விடிந்து பார்த்தால் ஊரில் கூரை என்று ஒன்று இல்லை. எங்கள் வண்டி மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். வீடு கட்டியவன் இழந்தான், கட்டாதவன் பிழைத்தான் என்று. இப்போது போனபோது அஞ்சம்மாள் என்று மீன் விற்கிற அம்மாள் வேறொன்று சொன்னாள். அன்றைக்குப் பெண்களெல்லாம் உட்கார்ந்து அழுதபோது கோமதியும் கூடவே உட்கார்ந்து அழுதாளாம். அஞ்சம்மாள் கோபமாகக் கேட்டாளாம், "ஒனக்கு என்னாடி போச்சு? ஒனக்கு வூடு இருந்துச்சா போறதுக்கு?"

"அதுக்குத்தான் அழுவுறேன்" என்றாளாம் கோமதி.

எப்படிப்பட்ட மனசு பாருங்கள். தனக்கு ஒன்றும் போகாதபோது அடுத்தவர் வீட்டுக்காக அழுதிருக்கிறாள். அதை அங்கேயே அஞ்சம்மாளிடம் சொன்னேன். அந்த அம்மாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேலை இருந்திருக்கும்.

அங்கே அவள் நட்ட முருங்கை இப்போது இல்லை. ஒரு காற்றுக்கே முறிந்துபோகும் மரம் அது.

இண்டூர் தாண்டிவிட்டதா? இல்லையா. சரி.

கடைசியாக இந்தப் பென்னாகரம். நேற்று வந்தேன். ஒகேனக்கலில் மீன் வறுக்கிற கடைகள் இருக்கிறதே, ஆடி மாதக் கூட்டத்தில் அவர்கள் அடுப்பெல்லாம் பர்னர் அடைத்துக்கொள்ளும். ஆடிக்கு ஆடி வருவோம். மாதம்மாள் என்று ஒரு பெண், அவளுக்குச் சொந்தமான மேட்டில்தான் வண்டியை நிறுத்துவோம். அவளும் அவள் வீட்டுக்காரரும் அப்போது ஆற்றங்கரையில் குடிசையில் இருந்தார்கள். மேட்டில் கல்லும் முள்ளும்தான். அங்கேதான் கோமதி அதிக நாள் இருந்தது. போன வருடமும் முந்தின வருடமும் அவளுக்கு முடியாததால் வரவில்லை.

நேற்று போய்ப் பார்த்தால் மேட்டில் ஒரு வீடு நிற்கிறது. சின்ன வீடுதான். ஓட்டுச் சாய்ப்பு, முன்னால் சிமெண்ட் தரை. எங்கள் வண்டி நிற்கிற அதே இடத்தில். பின்பக்கம் முருங்கை கூரையைத் தாண்டி வளர்ந்து காய்த்துத் தொங்குகிறது. வழி தவறிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். மாதம்மாள் வெளியே வந்து, "வாங்கண்ணா" என்றாள். உடனே எனக்குப் பின்னால் பார்த்தாள். "அக்கா வல்லையா?"

சொன்னேன். அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்சம் தெளிந்த பிறகு உள்ளே கூப்பிட்டாள். இடம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளாகவே காட்டினாள். வாசல் கிழக்கே. அடுப்படி இந்த மூலை. ஜன்னலைத் திறந்தால் முருங்கை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் போல ஓடி அதன் அடியில் நிற்கிறது.

"எல்லாம் அக்கா சொன்ன மாதிரிதான்ணா கட்டினோம். குச்சி எடுத்துத் தரையில கோடு போட்டுக் காட்டுவாங்க. மரத்த மொதல்ல வச்சிடணும், அப்பறம் அதுக்கு முன்னால வூடு தானா வந்துரும்னுவாங்க."

 கோமதிக்கு இந்த மாதிரி விஷயத்தில் நல்ல அறிவு உண்டு. அடுத்தவர்களுக்கு யோசனை சொல்வாள்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். அடுப்படி மூலையில் அம்மி. அதன் மேல் குழவி. அம்மி புதுசு, குழவி பழசு. ஒரு ஓரம் லேசாகச் சில்லு பெயர்ந்திருக்கும், எனக்குத் தெரியும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மாதம்மாள் அதைக் கழுவித் துடைத்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"இது அக்காதுதான். வச்சிரு மாதம்மா, வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

எதற்கு வந்தேனோ அதைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன். அக்கா சந்தோசமாக இருந்தாளா அம்மா? உன்னிடம் என்ன சொல்வாள்? மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள், வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

"ஒங்களப் பத்திப் பேசுனா சந்தோசமாத்தான்ணா பேசுவாங்க. ஒங்களுக்கு எப்பவும் ஊர் பாக்கணும், நாளைக்கு எந்த ஊருன்னு கேட்டாத்தான் மூஞ்சி தெளியும்னு சொல்லிச் சிரிப்பாங்க." அப்புறம் கோமதி சொன்னதை அப்படியே சொன்னாள். "அவரு ஓயட்டும் மாதம்மா. இன்னும் ஓயலை. ஓஞ்சதும் இங்கதான் வரப்போறேன், இந்த மேட்டுல ஓரமா எனக்கு ரெண்டு சென்ட் குடுத்துருன்னு கேட்டாங்க. நாங்க குடுக்கிறோம்னு சொல்லியிருந்தோம். வூடு கட்டும்போதுகூட அந்த ஓரத்த விட்டுட்டுத்தான் கட்டினோம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முருங்கைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் முள் வெட்டிச் சுத்தமாகக் கிடந்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது சார். இன்றைக்கும் ஒரு ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் காலையில் எழுந்து கிளம்பிவிடுவேன். நான் ஓயவே இல்லை. அதைப் பலமென்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போதும் நில்லுங்கள் என்று சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டேனா? நின்றிருப்பேன். நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஏன் சொல்லவில்லை? சிரித்துக்கொண்டே இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

இருக்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் மூன்றாவது மனுஷர். என்னைப் பற்றிப் பேசும்போது சந்தோசமாகப் பேசினாள் என்று மாதம்மாள் சொன்னாளே, அது போதாதா? ஆவுடையப்பனிடம் அதை மட்டும் சொல்லலாம் அல்லவா? அவன் மீதியைக் கேட்க மாட்டான். மாதம்மாளைக் கூட்டிக்கொண்டு வா என்றால்தான் கஷ்டம். வருகிறேன் என்றுதான் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். வந்தால் அந்த ரெண்டு சென்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுவாள்.

நான் சாப்பிடாமல் கிளம்பியதால் அவளுக்கு வருத்தம். உட்காரக்கூட இல்லை நான். பாய் விரித்துப் போட்டாள், சுவர் ஓரமாக. எனக்கு அதில் உட்கார முடியவில்லை. காலையில் கிளம்பும்போது, ராத்திரி நான் தங்கிய லாட்ஜுக்கே வந்துவிட்டாள், இரண்டையும் தூக்கிக்கொண்டு. மரத்திலிருந்து வெட்டிய இந்தக் கம்பு. அப்புறம் அது.

ஆமாம், என் மடியில் இருக்கிற பையில் அதுதான். நீங்கள் ஏதோ சாமி விக்கிரகம் என்று நினைத்திருப்பீர்கள், நான் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்து. கல்தான். நல்ல கனம்.

இப்போது எனக்கு ஒரு பிரச்சினை. எங்கள் சட்டம் உங்களுக்குச் சொன்னேனே. ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். குழவியை நான் வைத்துக்கொள்கிறேன். அதனால் இந்தக் கம்பு போக வேண்டும். எனக்கு நட இடமும் இல்லை. தேனிக் கொட்டகையில் முழுக்கச் சிமெண்ட் தரை. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் சார். பின்னால் இடம் இருக்கிறது என்றீர்களே.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது போல. இதோ, இந்த ஈரத் துணி சுற்றியிருக்கிறதே, இதுதான் அடிப்பக்கம். தலைகீழாக வைத்தால் பிடிக்காது. வாசல் பக்கம் வேண்டாம். ஆனால் எந்த இடம் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். அவர்கள் சிரித்துவிட்டு எங்கேயாவது வையுங்கள் என்றால், விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.